புனைவு, அபுனைவு: வாசிகசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் புத்தகங்களை வகை பிரித்து அடுக்குகிறேன். மாதாந்த வாசிப்பு வட்டத்தை ஒழுங்குசெய்வதும் நான்தான். இரண்டு இடத்திலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கேட்கிறார்கள், கோயிலில் புராணத்துக்குப் பயன் (பொருள் விளக்கம்) சொல்கிற ஐயாவும் கேட்டிருக்கிறார். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குச் சரியென்று படுகிற பதில்களை எழுதியிருக்கிறேன். முதலில் இருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

புனைவு, அபுனைவு எண்டா என்ன? முதல்ல அதைச் சொல்லுங்கோ.

நாவல், சிறுகதை, நாடகம் போன்று கற்பனையாக எழுதப்பட்டவை புனைவு. வரலாறு, வாழ்க்கை வரலாறு, கட்டுரை, பயணநூல், அறிவியல் நூல் போன்றவை அபுனைவு. புத்தகக் கடைகளும் பத்திரிகைகளின் நூல் அறிமுகப் பக்கங்களும் இந்தப் பொருளில்தான் பாவிக்கின்றன. அல்புனைவு என்று எழுதுவோரும் உண்டு, பொருள் ஒன்றுதான்.

அலுமாரியில் புத்தகம் தேட இந்த விளக்கம் போதும். கொஞ்சம் யோசித்தால் போதாது. ஒரு நூல் கற்பனையானது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? உள்ளே உள்ள செய்திகளை வைத்தா, எழுதியவரின் நோக்கத்தை வைத்தா, வாசிக்கிறவர் எடுத்துக்கொள்கிற விதத்தை வைத்தா? கீழே வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளைத்தவை.

அப்ப புனைவு எண்டா பொய்தானே? பொய்யை ஏன் காசு குடுத்து வாங்குவான்?

பொய் சொல்கிறவர், கேட்பவர் தன்னை நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். நம்பாவிட்டால் அந்தப் பொய்யால் அவருக்குப் பயனில்லை. நாவல் எழுதுகிறவர் அப்படி எதிர்பார்ப்பதில்லை. மட்டையிலேயே 'நாவல்' என்று போட்டுத்தான் கையில் தருகிறார். ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னியின் ஒரு நூல் அவர் இறந்தபின் 1595இல் அச்சாகியது. கவிஞன் எதையும் இது உண்மையென்று அடித்துச் சொல்வதில்லை, ஆகவே அவன் பொய் சொல்வதும் இல்லை என்று அதில் வாதாடுகிறார். இன்றுவரை அந்த வாதத்தை எவரும் சரியாக உடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

என் நிலைப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புனைவு என்பது எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இடையிலான ஓர் உடன்பாட்டின் பெயர். "இதை மனத்தில் கற்பனை செய்து பாருங்கள்" என்று கேட்டால் புனைவு. "இது நடந்தது, இது இப்படித்தான் இருக்கிறது, பிழையென்றால் என்னிடம் கேளுங்கள்" என்று பொறுப்பெடுத்தால் அபுனைவு. உள்ளே இருப்பது உண்மையா என்பது வேறொரு கேள்வி. இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக்கொண்டு, பிறகு சொற்களில் பிழை இருக்கிறது என்கிறோம்.

சரி, அபுனைவு எண்டு போட்டிருந்தா உண்மை எண்டு நம்பலாமோ?

நம்பும்படி கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லலாம். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையை எடுங்கள். யாழ் வாசித்து அரசனிடம் மணற்றிடர் என்ற இந்த நிலப்பகுதியைப் பரிசாகப் பெற்ற யாழ்ப்பாடியின் கதை அதில் இருக்கிறது. புலவர் அதை இந்த நாட்டு வரலாறாகவே எழுதினார். பிற்காலத்தில் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்று ஒரு நூலே எழுதி, அந்தப் பழைய வரலாற்றை ஆராய்ந்து கேள்விக்கு உட்படுத்தினார்.

சுவாமியார் எதற்காக அவ்வளவு மினக்கெட்டார்? நம்பச் சொல்லி எழுதிய நூலைத்தான் பிழையென்று மறுக்கலாம். ஒரு நாவலில் வருகிற தெரு அந்த ஊரில் இல்லையென்று எவரும் விமர்சன நூல் எழுதுவதில்லை. ஆகவே எத்தனை ஐதீகம் கலந்திருந்தாலும் வைபவமாலை அபுனைவுதான். அதில் பிழை இருந்தால் அது வரலாற்றுப் பிழை.

உண்மையா இருந்த ஆக்களை வைச்சு எழுதினா அது எப்பிடிப் புனைவாகும்? பொன்னியின் செல்வன்ல வாறவை எல்லாம் இருந்தவைதானே?

எல்லாரும் இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. கல்கி அந்த ரவிதாசனை எடுத்துத் தன் கதையில் நடமாட விட்டார். அவனோடு சேர்ந்து சதி செய்கிற நந்தினி கல்கியின் படைப்பு. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வாசித்தவர்களுக்குக் கல்வெட்டில் உள்ளவனும் இல்லாதவளும் ஒரே அறைக்குள் நின்று பேசினார்கள்.

எங்கள் நாட்டிலும் இது பழைய வழக்கம். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய மோகனாங்கியைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள். அதுவும் நாயக்கர் காலத்து உண்மை மனிதர்களை வைத்து எழுதியதுதான். எத்தனை வீதம் உண்மை சேர்ந்தால் புனைவு அபுனைவாகும் என்று சிலர் கணக்குக் கேட்கிறார்கள். அப்படி ஓர் எல்லை கிடையாது. முந்தின பதில்களில் சொன்ன உடன்பாடு மாறினால்தான் வகை மாறும்.

அண்ணை, நான் அளவையியல் படிக்கிறன். 'அல்லாதது' எண்டு ஒரு வகைக்குப் பேர் வைக்கிறது சரியான வகையீடோ?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் நல்ல கேள்வி இதுதான். எந்தப் பொருளை எடுத்தாலும் அது ஒன்றாக இருக்கும், அல்லது அந்த ஒன்று அல்லாததாக இருக்கும், நடுவில் இடமில்லை. இதை அப்படியே பிடித்தால் வேப்பமரமும் சைக்கிளும் நல்லூர்த் தேரும் அபுனைவு ஆகிவிடும். ஆகவே எதற்குள் பிரிக்கிறோம் என்பதை முதலில் சொல்லவேண்டும். 'அசைவம்' என்று பலகை போட்ட கடையில் கல்லும் மண்ணும் விற்பார்கள் என்று எவரும் நினைப்பதில்லை, பிரிவு சாப்பாட்டுக்குள் மட்டும். அதுபோல இந்தப் பிரிவும் ஏதோ ஒரு செய்தியைச் சொல்கிற எழுத்துகளுக்குள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் முதல் சிக்கல் தீரும்.

இரண்டாவது சிக்கல் அவ்வளவு லேசில் தீராது. 'அல்லாதது' என்று பெயர் வைத்த வகைக்குச் சொந்தக் குணம் ஒன்றும் இருக்காது. எஞ்சியதெல்லாம் அங்கே விழும். ஆனால் நாங்கள் அபுனைவு என்று சொல்லும்போது எஞ்சியதை நினைப்பதில்லை. நம்பத்தக்கது, ஆதாரம் உள்ளது, நடந்தது என்று ஒரு நேரான பொருளை அதற்குள் ஏற்றிவிடுகிறோம். அந்தக் கணத்தில் இரண்டும் ஒன்றையொன்று நிரப்புகிற சோடியாக இல்லாமல் போகிறது. 'கற்பனை செய்' என்பதும் 'நம்பு' என்பதும் வெள்ளையும் கறுப்பும் மாதிரியானவை. ஒரே சொல் ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்காது, ஆனால் இரண்டையும் கேட்காத எழுத்து இருக்கலாம். பெயர் 'இது அல்லது இது அல்லாதது' என்கிறது, பாவனை 'இது அல்லது அது' என்கிறது. பிழை இருக்கிற இடம் இதுதான். பரீட்சையில் கேட்டால் இப்படியே எழுதலாம்.

அப்ப ரெண்டிலயும் சேராத எழுத்து எது? ஒண்டைக் காட்டுங்கோ.

ஒடியல் கூழ் காய்ச்சும் முறையை எடுங்கள். 'ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிடவும்' என்ற வரி எதையும் நம்பச் சொல்லவில்லை, கற்பனை செய்யவும் சொல்லவில்லை. ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறது. தேவாரம் இறைவனை விளித்துப் பாடுவது. அதில் வாசகரிடம் எந்த உடன்பாடும் கேட்கப்படவில்லை. இவற்றை அபுனைவு அலுமாரியில் வைக்கிறோம் என்றால், புனைவு அல்ல என்பதற்காக மட்டுமே வைக்கிறோம்.

இதைவிடக் கிட்டப் பார்க்கவேண்டிய ஒன்று ஐந்தாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. 'கமலா சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் 12 வாங்கினாள். வழியில் 3 பழுதாகின. மிச்சம் எத்தனை?' கமலா என்று ஒருத்தி இல்லை. அவள் சந்தைக்குப் போகவும் இல்லை. பிள்ளை அதை நம்பவேண்டியதில்லை, நடந்ததாக நினைத்துக்கொண்டால் போதும். புனைவுக்குச் சொன்ன இலக்கணம் முழுவதும் இந்த மூன்று வரியில் இருக்கிறது. ஆனாலும் கணிதப் புத்தகத்தை எந்த வாசிகசாலையும் நாவல்களோடு வைக்காது. நினைத்துப் பார்க்கச் சொல்வது எல்லாமே புனைவு என்று விரித்தால் கணிதமும் சட்டப் பாடமும் உள்ளே வந்துவிடும். நினைத்துப் பார்ப்பதற்காகவே நினைத்துப் பார்க்கச் சொல்கிறதா, வேறொன்றைக் கற்பிக்கவா என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டியிருக்கிறது.

கவிதை எதுக்குள்ள வரும்? செய்யுள் எல்லாம் கற்பனைதானே?

செய்யுளா உரைநடையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஹெரடோட்டஸின் வரலாற்றைச் செய்யுளாக்கினாலும் அது வரலாறாகவே இருக்கும் என்று அரிஸ்டோட்டில் தன் கவிதையியலில் சொன்னார். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்து யாழ்ப்பாணத்தில் எழுந்த செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்திய நூல்கள். இரண்டும் செய்யுளில் உள்ளன. நோயையும் மருந்தையும் விருத்தத்தில் சொன்னதால் மருந்து கற்பனையாகிவிடாது.

காதல் பாட்டும் வீரப் பாட்டும்தான் கடினமானவை. அகப்பாடலில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி: 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.' தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். புறத்தில் பாரியும் அதியமானும் பெயரோடு வருவார்கள். நெடுநல்வாடையைப் பாருங்கள். பிரிந்த கணவனை நினைத்துத் துயரப்படுகிற அரசியைப் பாடுகிறது, முழுக்க அகப்பொருள். பாசறையில் அரசனுக்கு முன்னே போகிறவன் பிடித்திருக்கிற வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருப்பதாக ஓர் அடி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆளைச் சுட்டிவிட்டதால் இது அகமாகாது என்று நச்சினார்க்கினியர் தீர்த்துவிட்டார். அகமும் புறமும் புனைவும் அபுனைவும் அல்ல, அப்படிப் பொருத்துவது பிழை. ஆனால் ஒரு பாட்டு யாரையாவது சுட்டுகிறதா இல்லையா என்பது அதன் வகையையே மாற்றும் என்று எங்கள் உரையாசிரியர்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரும் மதிப்பு.

நூலகத்தில இலக்கம் போட்டு வைக்கினம். அதோட பிரச்சினை முடிஞ்சுதே?

முடியவில்லை. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு புனைவு, அபுனைவு என்று பிரிக்கவே இல்லை. அவர் பொருள் வாரியாகப் பிரித்தார். இலக்கியம் 800, அதற்குள் தமிழ் இலக்கியம் 894.811. அதிலும் கவிதை, நாடகம், நாவல், கட்டுரை என்று வடிவம் பார்த்துப் பிரியும். கட்டுரைத் தொகுதி அபுனைவு என்கிறோம், ஆனால் இலக்கத்தில் அது நாவலுக்குப் பக்கத்து வீடு. நரியும் காகமும் பேசுகிற நாட்டார் கதை 398.2இல், சமூக விஞ்ஞானத்துக்குள், சடங்குகளோடும் வழக்கங்களோடும் இருக்கிறது.

பொதுநூலகங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், இரவல் போன நூல்களில் நாவல் எத்தனை, மற்றவை எத்தனை என்று அமெரிக்க நூலகர்கள் கணக்கெழுதினார்கள். அந்த 'மற்றவை' என்ற நிரல்தான் இன்றைய அபுனைவு. கணக்குப் புத்தகத்துக்குப் போதுமான ஒரு பிரிவை அறிவின் அடிப்படைப் பிரிவாக உயர்த்திவிட்டோம்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவோ? பழந்தமிழில இல்லையோ?

இந்தச் சோடி அப்படியே இல்லை. ஆனால் எங்களவர்கள் இந்தக் கேள்வியை யோசிக்காமல் இருக்கவில்லை. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டு சொல்கிறது. சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தில் வந்தனவாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்று உரையாசிரியர் இளம்பூரணர் விளக்குகிறார். ஒரு சிறுகதை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கண்டதில்லை. முக்கியமானது, தொல்காப்பியர் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. இரண்டும் கலந்து வருவதுதான் புலனெறி வழக்கம், அதாவது புலவர்கள் பாடுகிற வழக்கு, என்கிறார்.

செய்யுளியலில் உரைநடையின் வகைகளை எண்ணும்போது 'பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி' என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டு வழங்கி வருவது அது என்பது பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியரின் உரை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டில் கிடந்த பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியிராவிட்டால் இதையெல்லாம் நாங்கள் இவ்வளவு இலகுவாகப் புரட்டிப் பார்க்கமாட்டோம். இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் அவரை நினைக்கவேண்டும்.

பெரியபுராணம், கந்தபுராணம் எல்லாம் புனைவு எண்டு சொல்லுவியளோ?

சொல்லமாட்டேன். இது பக்திக்காகச் சொல்கிற பதில் இல்லை, இரண்டாவது பதிலில் சொன்ன அளவுகோலின்படி வருகிற பதில். சேக்கிழார் அடியார்களின் வரலாற்றைச் சொல்வதாகவே பாடினார். கற்பனை செய்துபாருங்கள் என்று கேட்கவில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டபோதும் அதே எண்ணத்தோடுதான் செய்தார். ஒருவர் அதை நம்பாமல் இருக்கலாம். நம்பாததால் நூலின் வகை மாறாது. வைபவமாலைக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கோயிலில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். சூரன் மாமரமாக நின்றான் என்ற இடம் வந்ததும் பயன் சொல்கிறவர் ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். கேட்டுக்கொண்டிருக்கிற ஆச்சி மரம் எந்த ஊரில் நின்றது என்று கேட்கமாட்டா. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை எங்களுடையதைக் கந்தபுராண கலாசாரம் என்றார். அந்தக் கலாசாரத்துக்குள் இருக்கிறவர்களுக்குப் புராணத்தோடு உள்ள உறவு நாவலோடு உள்ளதும் அல்ல, செய்தித்தாளோடு உள்ளதும் அல்ல. அதை இரண்டு பெட்டியில் ஒன்றுக்குள் திணிக்கவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், பெட்டிகள் போதவில்லை என்றுதான் சொல்வேன்.

ஒரு வசனத்தைத் தனிய எடுத்துப் பாத்து, இது புனைவு, இது அபுனைவு எண்டு சொல்ல ஏலுமோ?

ஏலாது. '1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள்' என்பது வரலாற்று நூலிலும் வரலாம், நாவலின் முதல் வரியாகவும் வரலாம். எழுத்தில் ஒரு கொம்பும் வித்தியாசம் இராது. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் சேர்ல் 1975இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் நிறுவினார்: இலக்கணத்திலோ பொருளிலோ புனைவுக்கென்று தனி அடையாளம் கிடையாது, சொல்கிறவரின் நோக்கம்தான் தீர்மானிக்கிறது. நாவலுக்குள்ளும் ஆசிரியர் சில வசனங்களை உண்மையாகவே அடித்துச் சொல்லலாம் என்பதையும் அவர் ஒத்துக்கொண்டார்.

மேலே உள்ள வசனத்தோடு 97,000 வரையான நூல்கள் அழிந்தன என்றும் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். வரலாற்று நூலில் அந்த எண் பிழைத்தால் ஆசிரியர் அடுத்த பதிப்பில் திருத்தவேண்டும், திருத்தாவிட்டால் அவருடைய நேர்மை கேள்விக்குள்ளாகும். நாவலில் 9,000 என்று வந்தால், ஏன் இப்படி மாற்றினார் என்று முதலில் யோசிப்போம். ஆனால் எங்கள் ஊர் வாசகர் அதோடு நிற்கமாட்டார். அந்த எண்ணைக் குறைத்தது அவருக்கு நோகும், நாவல் என்று மட்டையில் போட்டிருந்தாலும் கோபப்படுவார். அந்தக் கோபம் அறியாமையால் வருவதில்லை. சில உண்மைகள் நாவலுக்குள் போனாலும் தங்கள் உறுதியை விடுவதில்லை.

'வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அண்டைக்கு ஏரிக்கரையில குதிரையில வந்தான்' எண்டது உண்மையோ பொய்யோ?

'பொன்னியின் செல்வன் கதையில்' என்பதை முன்னால் சேர்த்துக்கொண்டால் உண்மை. சேர்க்காவிட்டால் அப்படி ஒரு பயணத்துக்குச் சான்றில்லை. புனைவைப் பற்றிப் பேசும்போது இந்த முன்னொட்டை நாங்கள் சொல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம் என்று அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1978இல் விளக்கினார். தமிழ்த்தினப் போட்டியில் 'நந்தினி யார்?' என்று கேட்டால் பிள்ளை பதில் சொல்லிப் புள்ளி வாங்குவது இதனால்தான்.

மட்டையில பொய்யாப் போட்டா? நாவலை 'உண்மைக் கதை' எண்டு வித்தா?

அப்போதுதான் புனைவு பொய்யாக மாறுகிறது. டானியல் டிஃபோவின் ரொபின்சன் குரூசோ 1719இல் வந்தபோது தலைப்புப் பக்கத்தில் டிஃபோவின் பெயர் இல்லை. குரூசோ தானே எழுதியதாகப் போட்டிருந்தது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபிரே என்பவரின் தன்வரலாறு 2003இல் வந்து இலட்சக்கணக்கில் விற்றது. 2006இல் அதில் பல சம்பவங்கள் இட்டுக்கட்டியவை என்று வெளியானது. முதலில் அதை நாவலாகவே பதிப்பகங்களுக்குக் காட்டியிருந்தாராம். வாசகர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முதல்நாள் மனதை உருக்கிய அதே பக்கங்கள் அடுத்த நாள் ஏமாற்று வேலையாகின. உள்ளடக்கம்தான் வகையைத் தீர்மானிக்கிறது என்பவர்கள் இதை எப்படி விளக்குவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உடன்பாடு என்று பார்த்தால் விளக்கம் நேராக வருகிறது.

யுத்த காலத்தில நடந்ததைக் கனபேர் கதையாத்தான் எழுதினவை. அதுகளை எந்த அலுமாரியில வைக்கிறது?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த நாளிலிருந்து, எல்லாத் தரப்பின் துவக்குகளுக்கும் நடுவில், நடந்ததை நடந்ததென்று பெயர், திகதியோடு எழுதுவது உயிராபத்தான வேலையாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே சிறுகதை என்று எழுதினார்கள். ஊரின் பெயரை எடுத்தார்கள், ஆளின் பெயரை மாற்றினார்கள். அகப்பாடலுக்குத் தொல்காப்பியர் விதித்ததை இவர்கள் பாதுகாப்புக்காகச் செய்தார்கள். இங்கே எழுத்தாளர் கேட்ட உடன்பாடு இரண்டு அடுக்கானது. விசாரிக்க வருகிறவருக்கு 'இது கற்பனை', பக்கத்து வீட்டுக்காரருக்கு 'இது நடந்தது, உனக்குத் தெரியும்.' ஒரே எழுத்து, இரண்டு வாசகர்கள், இரண்டு உடன்பாடுகள். சேர்லின் கட்டுரையில் இதற்கு இடமில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. அந்த இரவைச் சொல்கிற ஒரு கதையை வாசிப்பு வட்டத்தில் எடுத்தோம். சைக்கிள் கரியரில் கட்டியிருந்த தாய்க்கிழவியின் கால் முன்னால் போகிறவரின் பெட்டியில் உரசிக்கொண்டே போகும். உருட்டுகிற மகனுக்கு நின்று பார்க்க இடமிருக்காது. இந்தப் பந்தியை வாசித்ததும் ஒரு அம்மா, "உது கதை இல்லைத் தம்பி, அதில நானும் நிண்டனான்" என்றா. அவ சொன்னது கதையில் வந்த கிழவியைப் பற்றி அல்ல. அந்தக் கிழவி ஒருவேளை எழுத்தாளரின் கற்பனையாக இருக்கலாம். அந்த நெரிசலும் ஈரமும் கற்பனை இல்லை என்பதற்கு அவ சாட்சி சொன்னா.

நான் அவற்றைச் சிறுகதை அலுமாரியில்தான் வைக்கிறேன். எழுதியவர் எடுத்த பெயரை நான் மாற்றக்கூடாது. ஆனால் முதல் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டுகிறேன்: எந்தக் காலம், எந்தப் பிரதேசம், எப்போது அச்சானது என்று. 'அது வெறும் கதைதானே' என்று தள்ளுகிறவர்களுக்குப் புனைவு என்ற சொல் ஒரு வசதியாகிவிடக்கூடாது. மறுபக்கத்தில், கதையில் உள்ள ஒவ்வொரு வசனத்தையும் வாக்குமூலமாக எடுத்து ஆளைத் தேடுவதும் எழுதியவருக்குச் செய்கிற அநியாயம்.

உந்தச் சொல்லு ரெண்டையும் விட்டா என்ன?

விட்டால் அந்த இடத்தில் வேறு இரண்டு வரும். அலுமாரிக்கு அவை போதும். ஒரு நூலின் மதிப்பை அளக்கப் பாவிக்கும்போதுதான் கெடுதல். அபுனைவு படித்தால் அறிவு, நாவல் படித்தால் பொழுதுபோக்கு என்று பிள்ளைகளின் கையிலிருந்து நாவலைப் பறிக்கிற பெற்றோரை அடிக்கடி காண்கிறேன். யாழ்ப்பாணத்தில் சாதி என்ன செய்தது என்பதை அறிய விரும்புகிற பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல்தான்.

நானும் இடப்பெயர்வைப் பற்றி எழுதப்போறன். நாவல் எண்டு போடவோ, நினைவுக்குறிப்பு எண்டு போடவோ?

எவ்வளவு உண்மை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். பொன்னியின் செல்வனுக்குச் சொன்னதுபோல அந்த எண்ணிக்கைக்கு எல்லை இல்லை. அச்சான பிறகு ஒருவர் வந்து, "இந்த இடம் பிழை, அண்டைக்கு நானும் அங்க இருந்தனான்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். திருத்துவேன், திருத்தவேண்டியது என் கடமை என்றால் நினைவுக்குறிப்பு. அதைக் கேட்டுக்கொள்வேன், ஆனால் என் கதைக்கு அது இப்படித்தான் வேண்டும் என்றால் நாவல்.

நினைவுக்குறிப்பு என்று முடிவெடுத்தால் முன்னுரையில் மூன்று விடயம் எழுதுங்கள். யாருடைய பெயர்களை மாற்றினீர்கள், உரையாடல்கள் நினைவிலிருந்து கட்டியவையா, மற்றவர் சொல்லக் கேட்டு எழுதிய பகுதிகள் எவை. நாவல் என்றால் அதெல்லாம் தேவையில்லை. உயிரோடு இருக்கிறவர்களை இனங்காணக்கூடியதாக எழுதியிருந்தால் மட்டும் அச்சுக்குக் கொடுக்க முன்னர் அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.